38 வயதில் ஜூனியராகச் சேர்வது: எங்கே வழி இருக்கிறது, எங்கே இல்லை

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 37. ஒரு தனியார் வங்கியில் 12 வருஷம் கடன் பிரிவில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர். இப்போது கடைசி ஆண்டு. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "கூடப் படிப்பவர்கள் எல்லாம் 23, 24 வயசு. நீதிபதியிடம் ஆராய்ச்சி உதவியாளர், சிவில் ஜட்ஜ், நல்ல சீனியரிடம் ஜூனியர் என்று எதற்குப் போனாலும் அவர்களோடுதான் போட்டி. என்னை யார் சார் எடுப்பார்கள்? பயோடேட்டாவில் வங்கி வேலையைப் போடாமல் விட்டுவிடலாமா?" இதுதான் அவருடைய கேள்வி.

விட வேண்டாம், தங்கச்சி. அந்த 12 வருஷத்தை எடுத்துவிட்டால் நீங்கள் வயது கூடிய ஒரு புதுப் பட்டதாரி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு வந்தால் கடன், அடமானம், பத்திரம் எல்லாம் தெரிந்த ஆள். ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றத்திலும் நெடுநாளாகத் தொழில் செய்கிறேன், ஜூனியர்களை எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன். சில இடங்களில் வயது விதிப்படியே உங்களை வெளியே நிறுத்திவிடும். மற்ற இடங்களில் அது சீனியரின் மனசில் இருக்கும் தயக்கம் மட்டும்தான், பேசித் தீர்க்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் கிடைக்காத இடத்துக்கு மனுப் போட்டுச் சோர்ந்துபோய், கிடைக்கக்கூடிய இடத்துக்கும் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய உச்ச வயது கிடையாது. 45 வயதைத் தாண்டியவர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் 1993-ல் ஒரு விதி கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 1995-ல் அதை ரத்து செய்தது. ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போன ஒருவர் 50 வயதில் கோர்ட்டுக்குத் திரும்பி வரலாம், ஆனால் 46 வயதில் புதிதாக ஒருவர் வரக் கூடாது என்றால் அதில் என்ன நியாயம் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. படிப்புக்கும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது வரம்பை மீண்டும் கொண்டுவந்து பார் கவுன்சில் 2016-ல் சுற்றறிக்கை விட்டது, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. உங்களைப் போன்றவர்கள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்க முடிவது அதனால்தான். யாராவது உங்களைப் பார்த்து "இந்த வயசிலா?" என்று கேட்டால், நீதிமன்றம் இரண்டு முறை பதில் சொல்லிவிட்ட கேள்வி அது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விதியே மறிக்கும் இடங்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு உதவும் சட்ட எழுத்தர் பணிக்கு அண்மை அறிவிக்கைகளில் உச்ச வயது 32. சென்னை உயர் நீதிமன்றம் எடுக்கும் ஆராய்ச்சிச் சட்ட உதவியாளருக்கு 30, மதுரைக் கிளைக்கும் அதே தேர்வுதான். அரசு வங்கிகளில் சட்ட அதிகாரி பணிக்கு வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருஷச் சலுகை. மூன்றுமே உங்களுக்கு இல்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த விண்ணப்பங்களுக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூடச் செலவழிக்காதீர்கள். சென்னை, மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலேயே ஆள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே எழுதி வைத்த வயது வரம்பு இல்லை என்றாலும் நம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து நேராகப் போவது யாருக்குமே கடினம். அதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சிவில் ஜட்ஜ் விஷயத்தைத்தான் பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும். 2023 அறிவிக்கையில் இரண்டு வழி இருந்தது. புதுப் பட்டதாரி என்றால் 22 முதல் 29 வயது. மூன்று வருஷம் தொழில் செய்த வழக்கறிஞர் என்றால் 25 முதல் 37, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் 42. அப்புறம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், கீழமை நீதிபதிப் பணிக்கு நுழைய எல்லோருக்கும் குறைந்தது மூன்று வருஷத் தொழில் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. புதுப் பட்டதாரி நேராகத் தேர்வு எழுதும் வழி அதோடு போயிற்று. உங்களுக்கு அந்த வழி எப்படியும் இல்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இப்போது இல்லை, அவர்களும் கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்று வருஷம் கோர்ட்டில் நின்றுதான் ஆக வேண்டும்.

உங்கள் கணக்கு இப்படி வருகிறது. 38-ல் பதிவு. மூன்று வருஷம் சேர்த்தால் 41. வரம்பு 42. ஆக, ஒரே ஒரு அறிவிக்கைக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த அறிவிக்கையும் வருஷா வருஷம் வருவதில்லை. 2019-ல் 176 இடங்களுக்கு வந்தது, அடுத்தது 2023-ல் 245 இடங்களுக்கு. உங்களுடைய அந்த ஒரு வருஷத்தில் அறிவிக்கை வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் அதோடு சரி. இதை மட்டுமே நம்பி மூன்று வருஷத்தை ஓட்டக் கூடாது. பொதுப் பிரிவில் இருந்துகொண்டு இதே வயதில் கேட்பவர்களுக்கு என் பதில் இன்னும் சுருக்கம்: அந்த வழி மூடிவிட்டது, வேறு வேலையைப் பார்க்க வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பயிற்சி மையத்தில் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிவது நல்லது. வரம்புகள் மாறலாம் என்பதால் அறிவிக்கை வரும்போது உங்கள் பிறந்த தேதியை வைத்து நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். எழுத நேர்ந்தால் முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு, சாட்சி வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். 12 வருஷம் இரண்டு மொழியிலும் கடன் பத்திரம் படித்தவருக்கு அது கை வந்த வேலை.

அந்த ஒரு வருஷ வாய்ப்பையும் தவற விடாமல் இருக்க ஒன்று செய்யலாம். மூன்று வருஷ அனுபவம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கில் வரும் என்று அதே 2025 தீர்ப்பு சொல்கிறது. பட்டம் வாங்கியவர்களுக்குப் பார் கவுன்சில் நடத்தும் அகில இந்திய பார் தேர்வு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரி இறுதித் தேர்வு முடிவு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். பலர் நல்ல நாள் பார்க்கிறேன், கையில் பணம் சேரட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். 24 வயசுப் பிள்ளைக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். பதிவுக் கட்டணம் பற்றிப் பயம் வேண்டாம். சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கு மேல், மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வயதே கேட்காத ஒரு தொடக்க நிலை வேலையும் இருக்கிறது. கல்லூரியில் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசக் காணோம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-ல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் முழு நேரமாக வாதாடும் அலுவலகம் அது. தலைமைப் பொறுப்புக்கு 10 வருஷ அனுபவம், துணைக்கு 7 வருஷம் கேட்கிறார்கள். உதவி வழக்கறிஞருக்கு வேண்டியது பூஜ்யம் முதல் மூன்று வருஷ அனுபவம்தான். மாதச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு. சொந்தமாக வழக்கு எடுக்கக் கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அறிவிப்பு வரும்போது பாருங்கள். ரிமாண்ட், ஜாமீன், குறுக்கு விசாரணை எல்லாம் கைப்பழக்கமாகும் இடம். உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்பதால், அந்தப் பக்கம் ஆசை இருந்தால் இங்கே தொடங்குவது பொருத்தம்.

இனி, சீனியர் அலுவலகம். பெரும்பாலோருக்கு வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது, உங்களுடைய உண்மையான பயமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கு 40-ஐத் தாண்டி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு ஒரு கூட்டுறவு வங்கியில் நிலக்கடன் பார்த்தவர். மேலூர்ப் பக்கம் ஒருவர் இடம் வாங்கப்போகிறார், பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். இளம் ஜூனியர்கள் இரண்டு பேர் முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, 2007-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது, எல்லாம் சரி என்றார்கள். வங்கியிலிருந்து வந்த இவர் கட்டைப் பின்னாலிருந்து பிரித்தார். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டவர்கள் பக்கத்தை எடுத்து, பக்கத்தில் வாரிசுச் சான்றிதழை வைத்தார். சான்றிதழில் மூன்று பெயர், பத்திரத்தில் இரண்டு கையெழுத்து. "சார், அக்கா கையெழுத்து இல்லையே" என்றார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்ற மத்தியச் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பரில் வந்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைக்குத்தான் பாதுகாப்பு உண்டு, 2007-க்குக் கிடையாது. அந்த அக்காவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்தோம்.

சட்டம் அந்த இளைஞர்களுக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருப்பார்கள். எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்பது இவருக்கு வேலையில் வந்த பழக்கம். உங்களுக்கும் அது இருக்கும். காசோலை திரும்பினால் 30 நாளில் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்தில் புகார் என்பது உங்களுக்குப் பாடமாகப் படிக்க வேண்டிய விஷயமே இல்லை. வாராக் கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதில் வழக்கு எங்கே நொண்டும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள். மதுரையிலேயே கடன் மீட்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வங்கிக்காகவும் கடன்தாரருக்காகவும் ஆஜராகும் அலுவலகங்கள் எவை என்று பார்த்து, அவற்றில்தான் முதலில் கேளுங்கள். ரிட் வழக்குகளில் பெயர் பெற்ற பெரிய சீனியரிடம் பத்தோடு பதினொன்றாக நிற்பதைவிட அது உங்களுக்கு எவ்வளவோ மேல்.

மற்றவர்களும் இதைத் தங்களுக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆசிரியராக இருந்து வந்தவருக்குப் பணி மூப்பு, ஊதிய உயர்வு, ஓய்வூதிய வழக்குகள் மதுரைக் கிளையில் நிறைய. கிராம நிர்வாக அலுவலகத்திலும் சர்வேயிலும் இருந்தவர் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கிற பார்வை சட்டக் கல்லூரியில் கிடைக்காது. செவிலியராக இருந்தவர் விபத்து இழப்பீட்டு வழக்கில் மருத்துவக் குறிப்பை வாசித்துச் சொன்னால் சீனியருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு வகையிலும் காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதுக் குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. கொலைக்கு 302 என்று இருந்தது இப்போது 103, மோசடிக்கு 420 என்பது 318(4). முப்பது வருஷம் தொழில் செய்தவர்களும் புத்தகத்தைப் புரட்டித்தான் பேசுகிறார்கள். இந்தப் பாடத்தில் சீனியரும் நீங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியவர்கள்.

சரி, சீனியர் ஏன் தயங்குகிறார்? இவர் நான் சொல்வதைக் கேட்பாரா, இரண்டு வருஷத்தில் தனியாகப் போய்விடுவாரா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் கிளம்பிவிடுவாரா. இவற்றை எந்தச் சீனியரும் வாய் விட்டுக் கேட்க மாட்டார். கேட்காமலேயே "பார்த்துச் சொல்றேன்மா" என்று அனுப்பிவிடுவார். அதனால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். "நான் வங்கியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன் சார், ஆனால் கோர்ட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. நகல் மனு போடுவதிலிருந்து, ரிட்டர்ன் ஆன கட்டைச் சரிசெய்து திருப்பிப் போடுவது வரை செய்கிறேன். மூன்று வருஷம் இருப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். உங்கள் சீனியர் உங்களைவிட நாலு வயது சின்னவராக இருக்கலாம், அவரை சார் என்றோ மேடம் என்றோதான் கூப்பிட வேண்டும், வாய்தா வாங்கத் தெரியாமல் நின்றால் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்க வேண்டும். மனசு அதற்குத் தயாரா என்று நேர்முகத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வயது கூடியவர்கள் பாதியில் விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். திறமை போதாமல் போனவர்கள் குறைவு, இந்த இடத்தில் மனசு ஒடிந்து போனவர்கள்தான் அதிகம்.

நேரமும் தூரமும் இன்னொரு விஷயம். மதுரையில் பல அலுவலகங்கள் கோர்ட் முடிந்து சாயங்காலம்தான் சூடு பிடிக்கும், இரவு எட்டரை, ஒன்பது ஆகும். ஒத்தக்கடை ஊரின் ஒரு கோடி, திருமங்கலம் இன்னொரு கோடி. தினமும் அந்த நேரத்தில் பஸ் பிடித்துப் போக வேண்டும், வீட்டில் பத்தாம் வகுப்புக்குப் போகும் பையன் இருக்கிறான். இதைச் சேரும்போதே பேசி முடியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பி, மனு வரைவை வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிறேன் என்று கேட்டால் இன்று பல சீனியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். என் யோசனையைக் கேட்டால், முதல் இரண்டு வருஷத்துக்கு உயர் நீதிமன்றக் கிளையை விட்டுவிட்டு மாவட்ட நீதிமன்றமும் கடன் தீர்ப்பாயமும் பாருங்கள். திருமங்கலத்திலேயே சார்பு நீதிமன்றமும் இருக்கிறது. சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கத் தெரியாமல் நேராக ரிட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் குறை கடைசி வரை தெரியும்.

பணம். 2024-ல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டித் தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000. எல்லா அலுவலகமும் அதைக் கொடுப்பதில்லை, சில இடங்களில் இன்னும் பஸ் செலவுக்குத்தான் தருகிறார்கள். இளவயசு ஜூனியர் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடுவார், வீட்டில் அம்மா சோறு போடுவார். உங்களுக்கு அப்படி ஓட்ட முடியாது. எவ்வளவு தருவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. பக்கத்தில் ஒரு சம்பள வேலையை வைத்துக்கொண்டு தொழில் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முழு நேரச் சம்பளத்தில் இருப்பவர் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, மீறினால் நீங்கள் சேர்த்த அனுபவ வருஷமே கேள்விக்குள்ளாகும். ஒன்றரை வருஷக் குடும்பச் செலவுக்குக் கையில் இருப்பு இருந்தால்தான் நிம்மதியாகத் தொழில் பழக முடியும். இல்லையென்றால் முதலில் அதைத் திட்டமிடுங்கள்.

பயோடேட்டா ஒரே பக்கம் போதும். மேலே சட்டப் படிப்பு, பயிற்சிக்குப் போன இடங்கள். அதற்கு அடுத்து வங்கி வேலை, ஆனால் பதவிப் பெயர்களை அடுக்காமல் செய்ததை எழுதுங்கள்: எத்தகைய கடன்களுக்குப் பத்திரம் சரிபார்த்தீர்கள், எந்தெந்த நோட்டீஸ் தயாரித்தீர்கள், வங்கி சார்பில் கோர்ட்டில் சாட்சி சொன்னதுண்டா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அதைக் கொட்டை எழுத்தில் போடலாம், கூண்டில் ஏறி நின்ற அனுபவம் எந்தப் புது ஜூனியருக்கும் இருக்காது. பிறந்த தேதியை மறைக்க வேண்டாம், மறைத்தால் பார்த்த நிமிஷத்தில் தெரியப்போகிறது.

சேர்ந்த பிறகு, முதல் வழக்கிலிருந்தே வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். சிவில் ஜட்ஜ் தேர்வுக்குக் காட்ட வேண்டிய, மூன்று வருஷம் தொழில் செய்ததற்கான சான்றிதழை 10 வருஷ அனுபவமுள்ள வழக்கறிஞர் கொடுத்து, மாவட்டத்தின் முதன்மை நீதித் துறை அலுவலர் ஒப்பமிட வேண்டும். அப்போது காட்ட, ஆஜரான வழக்குகளின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கல்லூரி முடியும் முன் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. இறுதிப் பருவத்தில் இருப்பவர்களும் பார் தேர்வு எழுத உச்ச நீதிமன்றம் 2024-ல் வழி செய்திருக்கிறது, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். வங்கியிலிருந்து பணி விடுவிப்புக் கடிதத்தையும், தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இப்போதே வாங்கி வையுங்கள். நீங்கள் வேலையை விட்ட பிறகுதான் கல்லூரியில் சேர்ந்தீர்கள் என்பது அதில் தெரிய வேண்டும், பதிவின்போது கேட்பார்கள்.